கண் தேர்வதும் காது தேர்வதும்

ஒரே மேசைமீது இரண்டு மண்டலின்கள் கிடக்கின்றன. இரண்டுக்கும் ஒரே உருவம், தோளிலே சங்கு போன்ற ஒரே சுருள், மார்பிலே வயலினுக்கு உள்ளவை போன்ற இரு நீள்துளைகள், எட்டுத் தந்திகள், நடுவிற் பொன்னிறமாய்த் தொடங்கி ஓரத்திற் கருஞ்சிவப்பாய் இருளும் ஒரே மெருகு. ஒன்றின் விலை சில நூறு அமெரிக்க டொலர். மற்றையதன் விலை ஓர் இலட்சம் டொலருக்கும் மேல். நம் நாட்டில் ஒருவர் வாழ்நாள் முழுவதும் உழைத்துக் கட்டும் வீட்டின் விலை அந்த இரண்டாவது பெட்டிக்குள் அடங்கிவிடுகின்றதென்றால், அந்த வேறுபாடு எங்கே இருக்கின்றது? மரத்திலா, செய்தவன் கையிலா, கேட்பவன் காதிலா, அல்லது விற்பவன் நாவிலா?

இது வெறும் பொழுதுபோக்கு வினா அன்று. அமெரிக்காவில் நல்ல மண்டலின் ஒன்றைத் தேடி அலைபவர்கள் யாவரும் செல்வந்தர் அல்லர். பகலில் வேறு தொழில் பார்த்து, வார இறுதியில் மேடையேறும் வாத்தியகாரர் பலர். பல ஆண்டுச் சேமிப்பை ஒரே கருவியில் இடும் அவர்களுக்கு, தேர்வு ஒருமுறை பிழைத்தால் மறுமுறை வாய்ப்பதரிது.

நம்மவருக்கும் மண்டலின் புதிதன்று. திரைப்பாடல்களின் இடையிசையிலே அதன் நடுங்கும் குரலைக் கேட்டே வளர்ந்திருக்கின்றோம். ஆந்திர மாநிலத்துப் பாலகொல்லில் 1969ஆம் ஆண்டு பிறந்து 2014ஆம் ஆண்டு மறைந்த யூ. ஸ்ரீநிவாஸ் அதனைக் கர்நாடக இசைமேடைக்கும் உரியதாக்கினார். ஆனால் அவர் கையாண்டது மின்சார மண்டலின். இரட்டைத் தந்திகளை நீக்கி ஒற்றைத் தந்திகளை மாட்டி, ஐந்தாவது தந்தி ஒன்றையும் சேர்த்து, கமகத்துக்கு இசைய மாற்றிக்கொண்ட கருவி. அதன் சிறப்புத் தனி. நான் இங்கே கூறப்புகுவது மின்சாரத்தின் துணையின்றி மரமே வாய்திறந்து பேசும் மண்டலினைப் பற்றி.

ஒரு சிறு சொந்தக் கதையையும் சொல்லிவிடுகின்றேன். மாணவனாய் இருந்த காலத்தில், கொழும்புக் கடையொன்றில் பளபளவென்று மின்னிய மண்டலின் ஒன்றை வாங்கினேன். இரண்டாவது மாரிகாலத்திலே அதன் முகப்பலகை தந்திகளின் இழுவையைத் தாங்கமாட்டாது உள்ளே அமிழ்ந்தது. நான் விலைகொடுத்தது வார்னிஷுக்கு என்பது அப்போதுதான் விளங்கிற்று. நல்ல மண்டலினை அறிந்தவர்கள் எவ்வாறு அறிகின்றார்கள் என்று தேடிப் படிக்கும் பழக்கம் அன்று தொடங்கியது. வாங்கும் வசதி இற்றைவரை வரவில்லை.

நேப்பிள்ஸ் நகரத்துக் குடம்

மண்டலினின் தாயகம் இத்தாலி. வாதுமைக் கொட்டையைக் குறிக்கும் இத்தாலியச் சொல்லிலிருந்தே அப்பெயர் வந்ததென்பர். பழைய கருவியைப் பக்கவாட்டில் நோக்கினால் அவ்வுவமை பொருத்தமென்பது தெரியும். வயலினால் உலகப் புகழ் பெற்ற ஸ்ராடிவாரியும் மண்டலின் செய்தவரே. அவர் 1680ஆம் ஆண்டளவிற் செய்த ஒன்று இன்று அமெரிக்காவின் தென் டக்கோட்டா மாநிலத்து இசைக்கருவி அரும்பொருட்சாலையில் இருக்கின்றது. எனினும் இன்று நாம் அறியும் உருவத்தை அதற்குக் கொடுத்தவர்கள் 18ஆம் நூற்றாண்டில் நேப்பிள்ஸ் நகரில் வாழ்ந்த வினாச்சியா குடும்பத்தினர் போன்ற கைவினைஞர். வயலினுக்குரிய சுருதியமைப்பே இதற்கும் உரியது. நான்கு சுரங்களுக்கு நான்கு சோடித் தந்திகள். வில்லால் இழுக்கும் நாதம் நீளும். தட்டி மீட்டும் நாதமோ பிறந்த கணத்திலேயே தேயத் தொடங்கும். அதனாற்றான் மண்டலின் வாசிப்பவன் சோடித் தந்திகளை மேலும் கீழுமாக விரைந்து மீட்டி, தேயும் ஒலியைத் தேயவிடாது தாங்குகின்றான். அந்த நடுக்கம் அழகுக்காக வந்ததென்பதிலும் தேவைக்காக வந்ததென்பதே பொருந்தும்.

நேப்பிள்ஸ் மண்டலினின் முதுகு ஒரு குடம். அதனைக் குடைந்து எடுப்பதில்லை. மெல்லிய மரச்சட்டங்களைச் சூட்டில் வளைத்து, ஒன்றோடொன்று விளிம்பு பொருந்த ஒட்டி, பூசணிக்காயின் கீற்றுகள் போல அடுக்குகின்றனர். தஞ்சாவூரிலே வீணையின் குடத்தைப் பலாமரத்திற் குடையும் ஆசாரியின் வேலை உளியின் வேலை என்றால், நேப்பிள்ஸ் கைவினைஞனின் வேலை ஒட்டுவேலை. ரஃபயேல் கலாச்சே (1863-1934) அந்நகரின் புகழ்பெற்ற கைவினைஞர். தாமே பெரும் வித்துவானும் இசையமைப்பாளருமாய் விளங்கினார். அவர் வழியினர் இன்றும் அங்கே மண்டலின் செய்கின்றனர். உரோமாபுரியில் லூயிஜி எம்பெர்கர் (1856-1943) செய்தவை ஒடுங்கிய கழுத்தும் தெளிந்த குரலும் உடையவை என்று போற்றப்படுகின்றன. இவ்விரு மரபுகளையும் ஒப்பிட்டு ஐரோப்பியர் செய்யும் வாதம் நம்மூரில் இரு நாதஸ்வர வித்துவான்களின் ரசிகர் செய்யும் வாதத்துக்குக் குறைந்ததன்று. அதற்குள் நாம் புகவேண்டியதில்லை.

குடத்தை விட்டு உளியை எடுத்தவர்

அமெரிக்காவிலே 1880ஆம் ஆண்டு ஸ்பானிய மாணவர் இசைக்குழு ஒன்று வந்து வாசித்தபின்னர், அதைப் போன்ற ஒலிக்கு ஒரு மோகம் பிறந்தது. அவர்கள் வாசித்தது மண்டலின் அன்று, அதற்கு இனமான வேறொரு கருவி. இத்தாலியக் குடியேறிகள் மண்டலினை ஏந்தி அந்த மோகத்தைத் தமதாக்கிக் கொண்டனர். ஊருக்கு ஊர் மண்டலின் இசைக்குழுக்கள் தோன்றின. ஆனால் குடம் போன்ற முதுகு மடியில் வழுக்கிற்று, சட்டங்கள் விட்டுப்போயின. வரிவரியான அந்த முதுகைக் கண்ட அமெரிக்கர் அதற்கு உருளைக்கிழங்கு வண்டு என்று கேலிப்பெயரும் இட்டனர்.

மிச்சிகன் மாநிலத்துக் கலமசூ நகரில் ஓர்வில் கிப்சன் என்பவர் வேறு வழியை எண்ணினார். 1856ஆம் ஆண்டு பிறந்த இவர் மரவேலையைத் தாமாகவே பழகியவர். வயலினின் முகத்தையும் முதுகையும் எவ்வாறு கனத்த பலகையிலிருந்து வளைவாகச் செதுக்குகின்றார்களோ, அவ்வாறே மண்டலினையும் செதுக்கலாம் என்பது அவர் துணிபு. மரத்தை வளைத்தால் அதன் நரம்புகள் இறுகி ஒலி அடங்கும் என்றும், செதுக்கினால் மரம் தன் இயல்பில் நின்று ஒலிக்கும் என்றும் அவர் நம்பினார். 1898ஆம் ஆண்டு அதற்கு உரிமைப்பத்திரம் பெற்றார். 1902ஆம் ஆண்டு அவர் பெயரால் ஒரு கொம்பனி நிறுவப்பட்டது. ஆனால் அவர் அதில் நெடுங்காலம் பங்குகொள்ளவில்லை. 1918ஆம் ஆண்டு மறைந்தார். அவர் கையாற் செய்தவை பருமனானவை, குரலிற் பிற்காலத்தவற்றுக்கு ஈடாகா என்பர் அறிந்தோர். எனினும் இன்று ஓர் இலட்சம் டொலர் பெறும் கருவியின் விதை அவர் உளியிலே இருந்தது.

கையெழுத்திட்ட நாள்

1919ஆம் ஆண்டு அக்கொம்பனியில் லொயிட் லோர் என்பவர் சேர்ந்தார். இவர் இசைக்கலைஞர், ஒலியியலை ஊன்றிக் கற்றவர். 1922ஆம் ஆண்டு அவருடைய மேற்பார்வையில் எஃப்-5 என்னும் மண்டலின் வெளிவந்தது. அதன் மாற்றங்களை இருந்த கருவியோடு வைத்துப் பார்த்தாலே அவற்றின் அருமை விளங்கும்.

முன்னைய கருவிகளில் முகத்தின் நடுவே முட்டை வடிவான ஒரே துளை இருந்தது. லோர் அதனை அடைத்து, வயலினைப் போல இருபுறமும் நீள்துளைகளை வைத்தார். இதனால் முகப்பலகையின் நடுப்பகுதி வெட்டுப்படாமல் முழுமையாய் நின்றது. கழுத்தை நீட்டி, பதினைந்தாம் மெட்டில் உடலோடு பொருந்தச் செய்தார்; அதனால் தந்திகளைத் தாங்கும் குதிரை உடலின் நடுவிற்கு, அதாவது பலகை மிகத் தாராளமாக அதிரும் இடத்திற்கு, வந்து சேர்ந்தது. விரற்பலகையை முகத்தில் ஒட்டாமல் உயர்த்தி நிறுத்தினார். பலகையின் மேற்பகுதியும் விடுதலை பெற்றது. முகப்பலகையின் உட்புறத்தே நீளவாக்கில் இரு சட்டங்களை ஒட்டி, அவற்றைச் செதுக்கிச் செதுக்கி, தட்டிப் பார்த்து, வேண்டிய சுருதி வரும்வரை சரிசெய்யும் முறையைக் கைக்கொண்டார். பானை வாங்குபவள் விரலால் தட்டிப் பார்ப்பதை நாம் அறிவோம். அவள் அறிய விரும்புவது வெடிப்பு உண்டா என்பது. லோர் அறிய விரும்பியது எவ்வளவு மரம் இன்னும் மிஞ்சியிருக்கின்றது என்பது.

இவ்வேலையில் மில்லிமீற்றர்தான் செல்வம். முகப்பலகை நடுவிலே ஏறக்குறைய ஐந்து மில்லிமீற்றரும் ஓரத்தை நெருங்க மூன்று மில்லிமீற்றரும் கனமுடையது. எட்டுத் தந்திகளின் இழுவை நூற்றைம்பது இறாத்தலுக்கு மேற்பட்டது. சற்றுக் கூடுதலாக மரத்தை விட்டால் கருவி ஊமை; சற்றுக் கூடுதலாக எடுத்தால், சில ஆண்டுகளில், நான் கொழும்பில் வாங்கியதன் கதி.

சோதித்து ஏற்றுக்கொள்ளப்பட்ட ஒவ்வொரு கருவியின் உள்ளேயும் திகதியிட்ட சீட்டு ஒட்டப்பட்டது. அதில் லோரின் கையெழுத்து இருந்தது. 1922ஆம் ஆண்டு நடுப்பகுதியிலிருந்து 1924ஆம் ஆண்டு முடிவு வரையுமே இக்கையெழுத்துகள் கிடைக்கின்றன. அவ்வாறான எஃப்-5 மண்டலின்களில் இருநூற்றுக்கு மேற்பட்டவையே இன்று அறியப்பட்டுள்ளன. இன்று இலட்சக் கணக்கான டொலர் பேசப்படுவது இவற்றுக்கே.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். கையாற் செய்த மண்டலின் என்றவுடன், தனியொரு முதியவர் சாளரத்தருகே அமர்ந்து செதுக்கும் காட்சி நம் மனத்தில் எழுகின்றது. லோர் அவ்வாறு செதுக்கியவர் அல்லர். இவை தொழிற்சாலையிற் பல தொழிலாளர் கைபட்டுப் பிறந்தவை. செதுக்கியவர் ஒருவர், ஒட்டியவர் ஒருவர், மெருகிட்டவர் ஒருவர். அவர்களிற் பலருடைய பெயர்களை உலகம் நினைப்பதில்லை. கையெழுத்திட்டவர் பெயரையே விலை சுமக்கின்றது. இஃது அநீதியென்று எனக்குத் தோன்றுவதுண்டு. ஆயினும் அக்கைகளுக்கு எங்கே நிறுத்தவேண்டும் என்று சொன்ன காது லோருடையது என்பதையும் மறுப்பதற்கில்லை.

அக்காலத்தில் இவை விலைபோகவில்லை. மண்டலின் மோகம் தணிந்து, பாஞ்ஜோ என்னும் கருவியின் காலம் வந்திருந்தது. 1924ஆம் ஆண்டு முடிவில் லோர் கொம்பனியை விட்டு விலகினார். பிற்காலத்தில் மின்சார இசைக்கருவிகளில் முயன்றார், பல்கலைக்கழகத்திற் கற்பித்தார், 1943ஆம் ஆண்டு மறைந்தார். தாம் கையெழுத்திட்ட மண்டலின் ஓர் இசை மரபின் குரலாகப் போகின்றது என்பதை அவர் காணவில்லை.

முடிதிருத்தும் கடையில் ஒரு மண்டலின்

கென்ரக்கி மாநிலத்து உரோசீன் என்னும் சிற்றூரில் 1911ஆம் ஆண்டு பிறந்தவர் பில் மன்றோ. வீட்டிலே மூத்தவர்கள் வயலினையும் கித்தாரையும் எடுத்துக்கொள்ள, இளையவருக்கு எஞ்சியது மண்டலின். 1940களின் நடுப்பகுதியை ஒட்டி, புளோரிடா மாநிலத்தில் முடிதிருத்தும் கடையொன்றின் சாளரத்தில் விற்பனைக்கு வைத்திருந்த மண்டலினைக் கண்டு, 150 டொலர் கொடுத்து வாங்கினார். உள்ளே ஒட்டியிருந்த சீட்டில் 1923ஆம் ஆண்டு யூலை மாதம் 9ஆம் திகதியும் லோரின் கையெழுத்தும் இருந்தன.

அதுவரை மண்டலின் வரவேற்பறையின் மென்மையான கருவி. மன்றோவின் இசையோ மலைநாட்டுக் கிராமிய இசை. பாஞ்ஜோவும் வயலினும் உரத்துப் பாடும் குழுவிலே மண்டலின் அமிழ்ந்து போகவேண்டியதே முறை. இக்கருவி அமிழவில்லை. தாளத்தின் எதிரடியில் அவர் தந்திகளை வெட்டி மீட்டியபோது அது சிறு பறை போல ஒலித்தது. தனித்து வாசித்தபோது கூட்டத்தை ஊடறுத்துச் சென்றது. அவருடைய குழுவின் பெயரே அந்த இசைக்குப் பெயராகி, இன்று புளூகிராஸ் என்று வழங்குகின்றது. அவரைப் பின்பற்றியவர்கள் எல்லாரும் அவருடைய ஒலியைத் தேடினர். ஒலியைத் தேடிக் கருவியைத் தேடினர். கருவியைத் தேடிக் கையெழுத்தைத் தேடினர். விலை ஏறிய வழி இது. மன்றோ அந்தச் சாளரத்தை எட்டிப் பாராது நடந்திருந்தால் லோரின் கையெழுத்துக்கு இன்று என்ன விலை என்று எண்ணிப் பார்க்கலாம்.

1950களின் தொடக்கத்தில் மன்றோ கழுத்து, விரற்பலகை, மெருகு முதலியவற்றைத் திருத்தும்படி அதனைக் கொம்பனிக்கே அனுப்பினார். மாதங்கள் கழிந்து வந்தபோது கேட்டவற்றில் ஒருபகுதியே செய்யப்பட்டிருந்தது. சினங்கொண்ட அவர் பேனாக்கத்தியை எடுத்து, கருவியின் தலைப்பகுதியிற் சிப்பியாற் பதித்திருந்த கொம்பனியின் பெயரைத் தோண்டி எறிந்தார். அந்த வடுவோடு ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் மேடையேறினார். 1980ஆம் ஆண்டு கொம்பனி அதனைத் திருத்திக் கொடுத்து உறவைப் புதுப்பித்தது.

எதை ஒப்பிடுவது?

இனி, வாங்குபவன் நிலைக்கு வருவோம். அவன் முன்னே வைக்கப்படும் கருவிகள் எவ்வெவ்வகையில் வேறுபடும்?

முதலில் மரம். முகத்துக்கு ஸ்புறூஸ் என்னும் ஊசியிலை மரம். முதுகுக்கும் பக்கத்துக்கும் கழுத்துக்கும் மேப்பிள். அமெரிக்காவின் கிழக்குப் பகுதியில் வளரும் செந்நிற ஸ்புறூஸை மண்டலின்காரர் பெரிதும் விரும்புவர்; விறைப்பும் இலேசும் அதில் ஒருங்கே உண்டு. பெருமரங்கள் வெட்டித் தீர்ந்தமையால் 1940களிலிருந்து பல கருவிசெய்வோர் மேற்குக் கரையின் சிற்கா ஸ்புறூஸுக்கு மாறினர். மேப்பிளில் புலிவரி போன்ற கோடுகள் மின்னினால் விலை கூடும். அந்தக் கோடுகள் குரலைக் கூட்டும் என்பதற்குக் காதாற் கண்ட சான்று இல்லை என்று செய்பவர்களே ஒப்புவர். விரற்பலகை கருங்காலி. நம் இலங்கைக் காட்டுக் கருங்காலி, அதன் ஒரே சீரான கருமைக்காக, ஒருகாலத்தில் மேனாட்டுக் கருவிசெய்வோரால் மிகவும் வேண்டப்பட்டது. இன்று அம்மரம் சட்டத்தாற் காக்கப்படுகின்றது; ஆபிரிக்கக் கருங்காலியே பெரிதும் பயன்படுகின்றது. தந்தியை மீட்டும் சிறு தகட்டையும் முற்காலத்தில் அழுங்காமையின் ஓட்டிலே செய்தனர். அதன் பன்னாட்டு வணிகம் 1970களிலேயே தடுக்கப்பட்டது. நம் கடற்கரைகளுக்கு வந்து முட்டையிடும் அந்த ஆமையை எண்ணும்போது, நெகிழியாற் செய்த தகடு சற்றுக் கரகரத்தாலும் பாதகமில்லை.

அடுத்தது துளை. முட்டைத் துளை உள்ள கருவி நின்று ஒலிக்கும். குரல் உருண்டு இனிக்கும். நீள்துளை உள்ளது சட்டென்று பிறந்து தூரம் சென்று சட்டென்று அடங்கும். இவற்றில் எது சிறந்ததென்பது வீணை சிறந்ததா நாதஸ்வரம் சிறந்ததா என்பதை ஒத்த கேள்வி. திருமண மண்டபத்தில் வாசிப்பவனும் தன் வீட்டு விறாந்தையில் வாசிப்பவனும் ஒரே விடை கூறமாட்டார்கள்.

மூன்றாவது சுருள். எஃப் வடிவத்தின் தோளிலே சங்குச் சுருள் உண்டு. ஏ வடிவம் நீர்த்துளி போன்று எளியது. சுருளாற் குரலுக்கு விளையும் பயன் ஒன்றும் இல்லை என்பதே பெரும்பாலான கைவினைஞரின் கருத்து. ஆனால் அதனைச் செதுக்கி, விளிம்பு கட்டி முடிக்கப் பெருவேலை. ஒரே மனிதன், ஒரே மரத்தில், ஒரே கனத்திற் செய்த இரு கருவிகளிடையே இச்சுருளால் மட்டும் விலை ஆயிரக்கணக்கான டொலர் ஏறும். கையில் அளவான பணம் உள்ளவன் சுருளைத் துறந்து, அதே பணத்துக்கு மேலும் நல்ல கைவினைஞனைத் தேடவேண்டும் என்பது என் எண்ணம். அப்படிச் சொன்னாலும், மேடையில் மன்றோ ஏந்திய உருவத்தைத் தானும் ஏந்தவேண்டும் என்ற ஆசையைக் கணக்குப் பார்த்து அடக்கமுடியுமா என்பது வேறு.

பின்னர் மெருகு. லோர் காலத்துக் கருவிகளுக்கு மெல்லிய வார்னிஷ் பூசினர்; அவர் விலகியபின் விரைவாய் உலரும் லக்கர் வந்தது. ஒட்டுவதற்கு விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த வச்சிரத்தையே இன்றும் சிறந்த கைவினைஞர் விரும்புகின்றனர். அது கண்ணாடிபோல் இறுகும். பழுதுபார்க்க வேண்டுமாயின் ஈரமும் சூடும் காட்டி விலக்கலாம். ஆனால் ஈரக்காற்றும் வெப்பமும் சேர்ந்த நம் போன்ற நாட்டிலே அதுவே பலவீனம்; வெயிலில் நிறுத்திய மோட்டார் வண்டிக்குள் அத்தகைய கருவியை விட்டுச் செல்பவன் திரும்பி வந்து அழுவான்.

கண்ணைக் கட்டிய பரீட்சை

இவ்வளவும் அறிந்தபின்னும் காது ஏமாறும். கண் முதலில் விடை சொல்லிவிடும். காது அதற்கு ஆமாம் போடும். வயலின் உலகில் இதனைச் சோதித்துப் பார்த்தார்கள். 2010ஆம் ஆண்டு அமெரிக்காவின் இன்டியானாபொலிஸ் நகரில் குளோடியா பிரிட்ஸ் என்ற ஆராய்ச்சியாளரும் ஜோசப் கேர்ட்டின் என்ற வயலின் கைவினைஞரும் பிறரும் சேர்ந்து 21 வித்துவான்களிடம் ஆறு வயலின்களைக் கொடுத்தனர். மூன்று பழையவை, அவற்றில் இரண்டு ஸ்ராடிவாரி செய்தவை. மூன்று புதியவை. அறை மங்கலான ஒளியுடையது. இரும்பு ஒட்டுபவர் அணியும் கருங்கண்ணாடி வித்துவான்களின் கண்களை மறைத்தது. பழைய மரத்தின் மணம் காட்டிக்கொடுக்காதபடி, தாடை படும் இடத்திலே வாசனைத் தைலமும் தடவப்பட்டது. 2012ஆம் ஆண்டு முடிவுகள் வெளியாயின. வீட்டுக்கு எடுத்துச்செல்ல எதை விரும்புவீர் என்ற வினாவுக்குப் பெரும்பாலோர் புதிய வயலின்களையே காட்டினர். மிகக் குறைவாக விரும்பப்பட்டது ஸ்ராடிவாரி ஒன்று.

மண்டலினுக்கு இவ்வளவு முறையான பரீட்சை நான் அறிந்தவரை நிகழவில்லை. ஆனால் வீட்டிலிருந்தே காதைச் சோதிக்க ஒரு நல்ல வழி உண்டு. டேவிட் கிறிஸ்மன், ரோனி றைஸ் ஆகிய இரு கலைஞர்கள் 1994ஆம் ஆண்டு வெளியிட்ட ‘ரோன் போயம்ஸ்’ என்னும் இசைத்தட்டில், ஒவ்வொரு பாட்டுக்கும் வேறொரு மண்டலினும் வேறொரு கித்தாரும் வாசிக்கப்படுகின்றன. வாசிப்பவர் அதே இருவர், மாறுவது கருவி. உடன் கற்பிக்கும் நண்பரொருவர் கருவிகளின் பட்டியலைக் கையில் மறைத்துக்கொள்ள, நான் கண்ணை மூடிக் கேட்டு, எது முந்தியது எது பிந்தியது என்று தாளில் எழுதினேன். பல ஆண்டுகள் இதைப்பற்றிப் படித்தவன் என்ற செருக்கு எனக்கு இருந்தது. பாதிக்கு மேல் பிழை. மாணவர் எவராயினும் அத்தகைய விடைத்தாளைத் தந்திருந்தால் சித்தியடையார். ஒன்று மட்டும் ஐயமின்றித் தெரிந்தது: எதைத் தொட்டாலும் அந்த வாசிப்பு கிறிஸ்மனுடையதே.

அதனால் கருவிகளில் வேறுபாடே இல்லை என்று சொல்லவரவில்லை. வேறுபாடு உண்டு, அதைக் கேட்கும் முறை வேறு. அனுபவசாலிகள் சொல்லும் முறையில், ஒப்பிடும் கருவிகள் யாவற்றுக்கும் ஒரேவகைப் புதுத் தந்திகளை மாட்டவேண்டும். ஒரே அறையில், ஒரே தகட்டால், தனக்கு நன்கு வந்த ஒரே உருப்படியை வாசிக்கவேண்டும். பின்னர் வேறொருவரை வாசிக்கவைத்துத் தான் பத்தடி தள்ளி நிற்கவேண்டும். மண்டலினின் குரல் வாசிப்பவன் காதுக்கு எட்டுவதும் கேட்பவன் காதுக்கு எட்டுவதும் ஒன்றல்ல. தாழ்ந்த தந்தியில் தொடங்கி உயர்ந்த தந்தியின் கடைசி மெட்டு வரை ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே தட்டி, எந்தச் சுரமாவது கூட்டத்திற் சோர்ந்து நிற்கின்றதா என்று பார்க்கவேண்டும். மெல்ல மீட்டும்போதும் வாய்திறக்கும் கருவி நல்லது. அடித்தாற் கத்தும் கருவிகள் மலிவாகவே கிடைக்கும். புதுக் கருவி வாசிக்க வாசிக்கத் திறந்துகொடுக்கும் என்று பலரும் நம்புகின்றனர். இருக்கலாம், ஆனால் நாளை திறக்கும் என்று இன்றைக்குப் பணம் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

லோரின் கையெழுத்தைத் தேடுபவனுக்கோ வேறொரு ஆபத்து. சீட்டைப் போலியாக அச்சிடலாம், கையெழுத்தைப் பழகலாம். ஆகவே அறிந்தோர் உள்ளிருக்கும் எண்களையும், மெருகையும், செதுக்கிய விதத்தையும், இதுவரை அறியப்பட்ட கருவிகளின் எண்ணும் திகதியும் படமும் திரட்டிய பதிவேடுகளையும் வைத்து ஒத்துப் பார்க்கின்றனர். மேலும், உண்மையான கையெழுத்துக் கருவிகளெல்லாம் ஒரே தரத்தனவும் அல்ல. 1924ஆம் ஆண்டு பெப்ரவரி 18ஆம் திகதியிட்டவை தனி மதிப்புப் பெற்றவை; இளந்தலைமுறையின் பெருங்கலைஞரான கிறிஸ் தீலி வாசிப்பது அவற்றுள் ஒன்று.

வாழும் கைகள்

இவ்வளவு பணத்துக்கு வழியில்லாதவர்களுக்கும், பழமையை வாங்க விரும்பாதவர்களுக்கும் ஒரு நல்ல செய்தி உண்டு. 1970களிலிருந்து லோரின் கருவிகளைத் திறந்து, அளந்து, பழுதுபார்த்துக் கற்ற ஒரு தலைமுறைக் கைவினைஞர் தோன்றினர். நியூயோர்க்கில் ஜோன் மொன்ரெலியோனே லோரின் உருவத்தையே தம் போக்கில் மாற்றி, நீண்டு குழைந்த சுருளோடு புதுவடிவம் கண்டார். மிச்சிகன் மாநிலத்து மைக் கெம்னிற்சர் ‘நகற்’ என்னும் பெயரிலும், ரெனசி மாநிலத்து லின் டூடன்பொஸ்ரல் தம் பெயரிலும் செய்பவை மிகவும் போற்றப்படுகின்றன. எனக்கு வியப்பளிப்பவர் ஸ்ரீவ் கில்கிறிஸ்ற். அமெரிக்காவில் அல்ல, அவுஸ்திரேலியாவின் தென்கரையில், வார்ணம்பூல் என்னும் ஊரிலிருந்து செய்கின்றார். புளூகிராஸ் பிறந்த மலைகளுக்கும் அவ்வூருக்கும் இடையே ஒரு பெருங்கடல் கிடக்கின்றது. ஆயினும் அம்மலைகளின் வாத்தியகாரர் அவருடைய கருவிக்குக் காத்திருக்கின்றனர்.

இத்தகையோரின் எஃப் வடிவக் கருவி இருபதாயிரம் டொலரைக் கடக்கும். காத்திருக்கும் காலம் சிலவேளை ஆண்டுக்கணக்கில் நீளும். இதைக் கொள்ளை என்போர் உண்டு. நான் அவ்வாறு எண்ணவில்லை. தனியொருவர் ஓர் ஆண்டிற் செய்து முடிக்கக்கூடிய மண்டலின்களை விரல்விட்டு எண்ணலாம். மரத்தை வாங்கிப் பல ஆண்டுகள் உலரவிட்டிருக்கவேண்டும். செதுக்கிய பலகை இறுதியில் ஏமாற்றினால் நட்டம் அவருடையதே. அவ்வாறான ஒருவரிடம் கருவிக்குச் சொல்லிவைப்பது, கடையில் வாங்குவதைவிட, தையற்காரனிடம் சட்டைக்கு அளவு கொடுப்பதை ஒக்கும். உன் கை பெரிதா சிறிதா, எந்த இசை வாசிக்கின்றாய், மெல்லவா வல்லவா மீட்டுகின்றாய் என்று அவர் கேட்பார். கேளாமல் முற்பணத்தை மட்டும் வாங்குபவரிடம் சற்று விழிப்பாயிருப்பது நன்று.

பில் மன்றோவின் மண்டலினுக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லவில்லை. 1985ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் யாரோ ஒருவன் அவர் வீட்டினுட் புகுந்து, கணப்பு நெருப்பைக் கிளறும் இரும்புக்கோலால் அதனை அடித்து நொறுக்கிச் சென்றான். முகப்பலகை சிராய்களாகச் சிதறிற்று. முன்பு அவர் எந்தக் கொம்பனியின் பெயரைத் தோண்டி எறிந்தாரோ, அதே கொம்பனியின் கைவினைஞரான சார்லி டெரிங்டன் அத்துண்டுகளை ஏற்றுக்கொண்டார். நூற்றுக்கும் மேற்பட்ட துண்டுகள். புதுப்பலகை ஒன்றைச் செதுக்கிப் பொருத்துவது அவருக்கு எளிதாயிருந்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. சிராய் சிராயாக நாரை நாரோடு பொருத்தி ஒட்டினார். சில மாதங்கள் சென்றன. 1986ஆம் ஆண்டு பெப்ரவரியில் எழுபத்துநான்கு வயதான மன்றோ அதனைத் திரும்பப் பெற்றார். 1996ஆம் ஆண்டு நோயில் விழும்வரை அதனையே மேடையில் வாசித்துவந்தார். இப்பொழுது அது நாஷ்வில் நகரத்துக் கிராமிய இசை அரும்பொருட்சாலையில் இருக்கின்றது.